பழைய படகுத்துறை, பன்னிரண்டரை மணி

ஆற்றோரம் எங்கே நின்றால் கப்பல் படத்தில் நன்றாக விழும் என்று அந்தத் துறைமுக நகரத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், பதினேழாம் எண் பேருந்தின் ஓட்டுநரம்மாவைக் கேட்கச் சொல்வார்கள். ரயில் நிலையத்தில் புறப்பட்டு, ஆற்றைத் தொட்டும் தொடாமலும் ஓடி, கடல் தெரியும் முனையில் போய் முடிகிற தடம் அது. பத்தொன்பது வருடமாக அவள் அதே தடத்தில்தான் ஓட்டுகிறாள். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு வெயில் எந்தப் பக்கமாக விழும், எங்கே வேலிக்கம்பி குறுக்கே வரும், எங்கே நாய் துரத்தும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் இருபது நிமிட இடைவேளையில் மற்ற ஓட்டுநர்கள் டீ குடித்தார்கள். இவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்விடுவாள்.

கப்பல் படம் எடுப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். உப்புக் கிடங்கு நிறுத்தம்: காலை ஒன்பது வரை பரவாயில்லை, அதற்குமேல் போனால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மீன் ஏலக்கூடம்: ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும்போது மட்டும் போங்கள், இறங்கியிருந்தால் பாதிக் கப்பலைச் சுவர் தின்றுவிடும். சர்க்கரை ஆலைக்குப் பின்னால் உள்ள மண்மேடு: இடம் அருமை, மூக்கைப் பொத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். இப்படியே முப்பத்தோரு இடங்கள். அவற்றில் முதலிடம் கார் நிறுத்தும் கட்டடத்தின் ஆறாம் மாடிக்கு. அங்கிருந்து பார்த்தால் ஆற்றின் இரண்டு வளைவுகளும் தெரியும். எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் மூக்கிலிருந்து வால்வரை ஒரே படத்தில் அடங்கும். கடைசி இடம் பழைய படகுத்துறைக்கு. பாலம் வந்த பிறகு படகு நின்றுபோய், படிக்கட்டு மட்டும் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் அங்கே கரையை ஒட்டிப் போகும். மேல்தளத்தில் நிற்பவன் சட்டைப் பித்தானை எண்ணலாம். ஆனால் கப்பலைப் படத்துக்குள் அடைக்க முடியாது. "படத்துக்கு உதவாது, உட்கார பெஞ்ச் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். கப்பல் படம் எடுக்கிறவர்களில் அந்த பெஞ்சுக்காகவே அங்கே போகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான். தலையில் எப்போதும் ஒரு பழுப்புத் தொப்பி இருக்கும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. வாளியில் நிறைய இருந்தாலே எட்டி நிற்பார். "நான் நாள் முழுக்க மேலயும் கீழயும் போறேன், இவ குறுக்க போறா. அதான் எங்களுக்குள்ள மோதல் இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மோதல் வேறு இடத்தில் இருந்தது. அவளுக்கும் அவள் தம்பிக்கும்.

தம்பி ஒன்பது வயது இளையவன். தானியம் ஏற்றும் கப்பல் ஒன்றில் தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவனாக இருந்தான். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அவன் எங்கோ நடுக்கடலில். ஏழு மாதம் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தது அக்காதான். காலை வேலையை மாலைக்கு மாற்றி, மாலை வேலையை விடுமுறைக்கு மாற்றி, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு பேருந்து ஓட்டினாள். தம்பி வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த மூன்றாம் நாள். பையைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்தான். அவள் வந்துபோனவர்களின் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மா கடைசில என்னைக் கேட்டாங்களா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயையும் மூடவில்லை.

"இல்ல. உன்னைக் கேக்கவே இல்ல."

அவன் கொஞ்ச நேரம் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றான். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஏதோ விடுதிக்குப் போய்விட்டான். நாலு நாளில் கப்பலுக்கும் திரும்பிவிட்டான். அதன்பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை. முதலில் அவளுக்குக் குறுகுறுப்பாக இருந்தது. பிறகு, ஒரு வார்த்தைக்கே இப்படி முறுக்கிக்கொண்டு போகிறவன் போகட்டும் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும் குறுகுறுப்பு அடங்கிப்போனது. அது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

"அக்கா, வியாழக்கிழமை எங்க கப்பல் உங்க ஆத்துல மேல போகுது. கப்பலை விட்டு இறங்க விட மாட்டாங்க. மதியம் பன்னெண்டரைக்குப் பழைய படகுத்துறையைத் தாண்டுவோம். நீ கரையில நில்லு. நான் முன்பக்கம், இடது ஓரமா நிப்பேன்."

அவள் அதை நாலு தடவை படித்தாள். கணவரிடம் நீட்டினாள்.

"போயிட்டு வா. லீவு சொல்லிடு," என்றார் அவர்.

"ரெண்டு வருஷமா செத்தேனா பொழச்சேனான்னு கேக்கல. இப்ப கரையில நில்லுன்னா நிக்கணுமா?"

"நிக்காட்டிப் போ. சும்மா மனசுல வச்சு மாயாத."

அவள் பதில் அனுப்பவில்லை. ஆனால் வியாழக்கிழமைக்கு அரை நாள் விடுப்பு சொன்னாள். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. தான் வந்து பார்த்தது அவனுக்குத் தெரியக் கூடாது என்றும் இருந்தது. இந்த இரண்டுக்கும் பொருந்துகிற இடத்தைத் தேடினால், ஆற்றோரம் முழுவதையும் விரல்நுனியில் வைத்திருப்பவளுக்குக் கிடைக்காமலா போகும்? பன்னிரண்டு மணிக்கெல்லாம் கார் நிறுத்தும் கட்டடத்தின் ஆறாம் மாடியில், இருக்கிறதிலேயே நீளமான லென்ஸோடு, தூண் மறைவில் நின்றாள்.

கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தது. கீழ் வளைவில் மெதுவாகத் திரும்பி, தூரத்தில் படகுத்துறைக்கு நேராக வந்தது. அவள் வரிசையாக எடுத்தாள். முன்தளத்தில் ஆட்கள் இருந்தார்கள், பொட்டுப் பொட்டாக. அதில் எவன் தம்பி என்று தெரியவில்லை. ஏதோ வெள்ளையாக ஓரத்தில் அசைந்தது. தார்ப்பாயை மடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கப்பல் அவளுக்கு நேரே வந்தபோது முன்தளத்தில் யாரும் இல்லை. கண் எரிந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டு கேமராவை உறையில் போட்டாள். படங்களைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் அவள் பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை நீங்க படகுத்துறைக்கு வந்திருக்கணும்மா. ஒரு தானியக் கப்பல் போச்சு. முன்னாடி ரெண்டு பேர் ஒரு பெட்ஷீட்டை ஆளுக்கொரு முனையா பிடிச்சிக்கிட்டு கரையைப் பாத்துக் காட்டறாங்க. ஏதோ எழுதியிருந்துச்சு. எனக்குத் தூரப் பார்வை கொஞ்சம் மட்டு, கண்ணாடிய வீட்ல வச்சுட்டேன்."

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். பச்சை விளக்கு விழுந்து பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

"யாருக்குக் காட்டினாங்களாம்?"

"யாருக்குன்னு தெரியல. கரையில என்னைத் தவிர ஆளே இல்ல. படம் எடுக்கறதா, கை ஆட்டறதான்னு ஒரு குழப்பம். பாவமா இருந்துச்சு, கையை ஆட்டிட்டேன். அவங்க போய் மறையற வரைக்கும் ஆட்டினேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது."

அன்று பணி முடிந்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். இருநூறு படங்களுக்கு மேல் இருந்தன. கப்பல் அழகாகத்தான் விழுந்திருந்தது, மூக்கிலிருந்து வால்வரை. முன்தளத்தை மட்டும் பெரிதாக்கினாள். மேலும் பெரிதாக்கினாள். கட்டம் கட்டமாக உடைந்துபோன ஒரு வெள்ளை. அதன் இரு முனையிலும் இரண்டு ஆரஞ்சு நிறச் சட்டை. அவள் நின்ற கோணத்திலிருந்து பார்க்கும்போது துணி பக்கவாட்டில் ஒடுங்கித் தெரிந்தது. கப்பல் வளைவில் திரும்பிய ஒரே ஒரு படத்தில் எழுத்து கொஞ்சம் விரிந்திருந்தது. கறுப்புச் சாயத்தில், ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தான்.

"நீ அத்தை ஆயிட்டே."

கணவர் பின்னால் வந்து நின்று அவரும் படித்தார். தம்பிக்குக் கல்யாணம் ஆனதே அவர்களுக்குத் தெரியாது.

"போன் பண்ணு," என்றார்.

"எப்படித் தெரியும்னு கேப்பானே. என்ன சொல்றது? ஆறாம் மாடியில ஒளிஞ்சு நின்னு பாத்தேன்னா?"

"அதைத்தான் சொல்லு."

சொல்லவில்லை. அன்றிரவு நாலு வரி தட்டினாள், அழித்தாள். மறுநாள் "வாழ்த்துகள்" என்று ஒரே வார்த்தை தட்டினாள். பிறத்தியாருக்கு அனுப்புவது போல இருந்தது, அதையும் அழித்தாள். ஒரு வாரம் தாண்டியதும் இவ்வளவு தாமதமாக என்ன சொல்வது என்று வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் தாண்டியதும் வெட்கமே பழகிப்போனது. கப்பல் திரும்ப வரட்டும், படகுத்துறையில் நேரே போய் நிற்கிறேன் என்று கணவரிடம் சொன்னாள். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் செயலியில் அந்தக் கப்பலை மட்டும் தினமும் பார்த்தாள். அது உலகத்தைச் சுற்றிவிட்டு இந்த ஆற்றுக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர்களும் ஒரு பெட்ஷீட் கொண்டுபோனார்கள். லிஃப்ட் கதவில் எண் எழுதுகிற பெயின்ட்டால் கணவர்தான் எழுதிக் கொடுத்தார். "பிள்ளைக்குப் பேர் என்னடா?" தண்ணீர்ப் பக்கமே வராத மனுஷன், படிக்கட்டின் மூன்றாம் படிவரை இறங்கி, ஒரு கையால் கைப்பிடிக் கம்பியையும் மறுகையால் துணியின் முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. தபால்காரர் இந்தத் தடவை கண்ணாடியோடு வந்திருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் நடுவில் காற்றில் துணி சுருண்டபோது ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

கப்பல் நெருங்கியது. சங்கு ஒருமுறை ஊதியது. முன்பக்கம் இடது ஓரத்தில் ஒருவன் நின்றான். உயரமானவன், செம்பட்டைத் தாடி. அவன் துணியைப் பார்த்தான், தலையைச் சாய்த்து எழுத்தை உற்றுப் பார்த்தான், எந்த மொழி என்றே தெரியாமல் பெரிதாகச் சிரித்துக் கையை ஆட்டினான். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டான். நாலைந்து பேர் வந்து சந்தோஷமாகக் கையாட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் அவள் பார்த்தாள். அந்த இடத்திலிருந்து முகங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. தம்பி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் துணியை மூலையில் போட்டுவிட்டுப் போன் செய்தாள். யோசித்தால் விட்டுவிடுவோம் என்று யோசிக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான்.

"அக்கா? என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அவள் பெயர் திரையில் தெரிந்ததும் அவனுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

"எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கப்பல் இன்னிக்கு வந்துச்சு. நீ இல்ல."

"நான் அதை விட்டு நாலு மாசம் ஆச்சு. இப்ப வேற கம்பெனி. அந்தப் பக்கம் வர்ற கப்பல் இல்ல. லீவுல வீட்ல இருக்கேன். நீ இன்னிக்குப் போய் நின்னியா?"

"ம்."

"அன்னிக்கு ஒரு தொப்பிக்காரர் நின்னார். ரொம்ப நேரம் கையாட்டினார். சரி, அக்காவுக்கு வேலை போலிருக்கு, ஆள் அனுப்பியிருக்கான்னு நெனச்சேன். எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. அப்புறம் நாள் போகுது, மாசம் போகுது, உங்கிட்டேருந்து ஒண்ணும் வரல. அப்பதான், அவர் யாரோ எவரோன்னு புரிஞ்சுச்சு. அப்படித்தானே?"

ஆமாம், நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் எவ்வளவோ சுளுவாக முடிந்திருக்கும். தபால்காரரும் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆனால் இவனிடம் ஒருமுறை பொய் சொன்னது போதாதா என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

"நான் அனுப்பல. நான் வந்திருந்தேன். கார் நிறுத்தற கட்டடத்துல ஆறாம் மாடியில நின்னேன்."

"அங்க எதுக்கு?"

"நீ என்னைப் பாக்கக் கூடாதுன்னு."

மறுமுனையில் பாத்திரம் ஏதோ உருளும் சத்தம், ஒரு பெண் குரல், பிறகு கதவு சாத்தப்படும் ஓசை. அவன் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"இன்னொண்ணு சொல்லணும்டா. அம்மா உன்னைக் கேட்டாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு தடவை ஆத்துல சங்கு ஊதும்போதும் கேட்டாங்க. நாக்கு சரியா புரளாது. ஆனா உன் பேரு மட்டும் தெளிவா வரும். வந்துட்டானா, வந்துட்டானான்னு."

"நீ என்ன சொல்லுவ?"

"இந்தக் கப்பல் இல்லம்மா, அடுத்ததுன்னு சொல்லுவேன்."

"பின்ன ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டரை வருடத்துக்கு மேலாகத் தன்னிடமே சொல்லாததை அவனிடம் சொன்னாள். "ஏழு மாசம் நான்தான் எல்லாம் பண்ணினேன். ஒரு நாள், ஒரு தடவை, என் பேரைச் சொல்லிக் கூப்பிடல அம்மா. என்னை நர்ஸம்மான்னு நெனச்சாங்களோ என்னமோ. உன் பேருதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீ வந்து சமையக்கட்டுல நின்னு அதைக் கேட்டப்போ, எனக்கு உங்கிட்ட சொல்லப் பிடிக்கல. அவ்வளவுதான்டா. வேற காரணமே இல்ல."

அவன் பேசியபோது குரல் தணிந்திருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன் மடியில தலைய வச்சு அழுதுட்டுப் போயிருப்பேன்க்கா. இப்ப உள்ள பிள்ளை தூங்குது. நான் எங்க போய் அழறது, சொல்லு."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். பிள்ளையின் பெயரை அவள் கேட்க மறந்திருந்தாள்.

அப்புறம் என்பது வரவில்லை. அவள் பேருந்து ஓட்டினாள். இடைவேளையில் கேமராவைத் தூக்கவில்லை. மற்றவர்களோடு போய் டீ குடித்தாள். அவர்கள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கணவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் சாப்பிடும்போது, "அன்னிக்கு நீ சமையக்கட்டுல சொன்னது கூடத்துல எனக்குக் கேட்டுச்சு. அப்பவே உள்ள வந்து, அப்படி இல்லடான்னு சொல்லியிருக்கணும். நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்," என்றார். அவள் அவர் தட்டில் சோறு போட்டாள்.

இருபது நாள் போல் ஆன பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இளம் பெண் குரல்.

"அண்ணி, நான் பேசறேன். உங்க தம்பி சம்சாரம். அவர் நேத்துதான் கப்பல் ஏறினார். உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கார். பொய் சொல்லக் கூடாது பாருங்க. ஆனா போறப்ப உங்க நம்பரை அவர்தான் எழுதிக் குடுத்துட்டுப் போனார்."

அந்தப் பெண்ணே மேலும் பேசினாள். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, நாலு பல், தவழ்ந்து போய்க் கண்ணில் பட்ட கதவையெல்லாம் சாத்துகிறாள். இவள் மெதுவாகப் பெயரைக் கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். அம்மாவின் பெயர்.

அம்மா தன்னைக் கேட்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த நாளில்தான் தம்பி அந்தப் பெயரை வைத்திருக்கிறான். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "அண்ணி, அண்ணி, இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து மெல்லிசாகக் கேட்டது.

"இருக்கேம்மா," என்றாள், போனைத் திரும்பக் காதில் வைத்து.

"அவர் திரும்பி வந்ததும் உங்க ஊருக்கு வர்றோம். அவர் சொல்லல, நான் சொல்றேன். அதுக்குள்ள எப்படியும் நடக்க ஆரம்பிச்சிடுவா."

அவன் திரும்ப இன்னும் ஆறு மாதம் இருந்தது. வருவானா, வந்தாலும் பேசுவானா என்று அவளுக்குத் தெரியாது. அவனிடமிருந்து எதையும் எதிர்பார்க்கிற உரிமை தனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அறையிலிருந்த பழைய துணிமூட்டைகளை ஒழித்துத் தரையைக் கழுவினாள். கணவர் அளவு நாடாவோடு வந்து ஜன்னலைப் பார்த்தார். குழந்தை ஏறிவிடாதபடி கீழ்ப்பாதிக்கு ஒரு கம்பித் தடுப்பு போடலாம் என்றார்.

"வர்றதே நிச்சயமில்ல," என்றாள் அவள்.

"போட்டு வைப்போம்," என்று சொல்லி, நாடாவின் ஒரு முனையை அவளிடம் பிடிக்கக் கொடுத்தார்.